பன்னிரண்டில் தொடங்குவது

கப்பலின் வயிற்றைத் திறந்துபோட்டுவிட்டு
உதிரிபாகம் வரும்வரை பொறு என்றார்கள்.
காதிஸ் துறைமுகத்தில் எனக்கு ஒன்பது நாள்.
ஆறாம் நாள் இரவு
கயிற்றுக்கடைக்கும் மூடிய மருந்துக்கடைக்கும் நடுவே
ஒரு கதவு. பதினைந்து யூரோ,
ஒரு குவளை மதுவும் சேர்த்து.

மேடை என்று சொல்ல
குதிகால் தின்ற நான்கு பலகை.
மூன்று நாற்காலியில் ஒன்றுக்குக் கால் ஆடியது,
பரிசு விழாத லாட்டரிச் சீட்டை மடித்து முட்டுக்கொடுத்திருந்தார்கள்.
பாடகர் செர்வாந்தோ
பல் பிடுங்க முறைக்குக் காத்திருப்பவர்போல் உட்கார்ந்திருந்தார்,
சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, கழுத்துவரை பொத்தான்.
ஹெர்மான் கிதாரின் காதை முறுக்கினான்.
அது வலியோடு ஒத்துக்கொண்டது.

ரெக்லா வந்து நின்றாள்.
முதலில் ஒன்றும் செய்யவில்லை.
அதையே வெகுநேரம் செய்தாள்.

பிறகு குதிகால்.

என் வேலை காதால் செய்வது.
எட்டு சிலிண்டரில் எது இருமுகிறதென்று
கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.
இங்கேயும் எண்ணினேன்:
மூன்றில் ஓர் அடி, ஆறில் ஓர் அடி,
எட்டில், பத்தில்,
அதற்குமேல் நழுவிவிட்டது.
மறுபடி பிடித்தேன். மறுபடி நழுவியது,
எண்ணெய்க் கையில் போல்ட் மாதிரி.

சட்டென்று எல்லாம் நின்றது.
தூக்கிய கை தூக்கியபடி, பாவாடை மட்டும் ஒரு சுற்று தாமதமாக அடங்கியது.
முடிந்தது என்று நினைத்துக்
கைதட்டினேன்.
அந்த அறையில் நான் ஒருவன்.
இரண்டு தட்டு. மூன்றாவது மடியிலேயே செத்தது.

பக்கத்து நாற்காலி மிலாக்ரோஸ், மீன்சந்தைக்காரி,
நகக்கண்ணில் செதில் மினுங்கியது.
திட்டவில்லை.
என் இரண்டு மணிக்கட்டையும் ஒரே கையால் பற்றித்
தன் முழங்கால்மேல் வைத்துக்கொண்டாள்,
குழந்தையிடம் வாங்கிவைத்த கத்தரிக்கோல்போல.

அந்த மௌனத்துக்குள்தான் செர்வாந்தோ வாய் திறந்தார்.
சொல்லே இல்லை. 'அய்' என்று ஒன்று.
ஐயோ என்பதில் முன்பாதி மட்டும்.
பின்பாதி வரும் வரும் என்று
மூச்சு தீரும்வரை இழுத்தார், தீர்ந்தபிறகும் இழுத்தார்.
உச்சத்தில் குரல் பிளந்தது.
பிளந்த அந்த இடத்தில், சரியாக அந்த இடத்தில்,
அறை முழுக்க 'ஒலே' என்றது,
உரக்க அல்ல, வலிக்கும் இடத்தைச் சரியாகத் தொட்டுவிட்ட
வைத்தியர் 'ம்' என்பதுபோல.
எங்கள் தொழிலில்
விரிசல் என்றால் அந்தப் பாகத்தை மாற்றவேண்டும்.

மிலாக்ரோஸின் கட்டைவிரல்
என் நாடியின்மேல் தட்டத் தொடங்கியது.
தட்டத்தட்ட விளங்கிற்று:
இவர்கள் ஒன்றில் தொடங்குவதில்லை,
பன்னிரண்டில் தொடங்குகிறார்கள்.
முடிகிற படியில் கால்வைத்து ஏறுகிறார்கள்.
என் கணக்கு சரிதான். நுழைந்த வாசல் தப்பு.

கடைசியில் எல்லோரும் எழுந்து அரைவட்டமாக நின்று
சமையலறையிலிருந்து ஃபுவென்சாந்தாவைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.
ஈர ஏப்ரன், ஈரக் கை, ரப்பர் செருப்பு.
ரெக்லாவே ஒதுங்கி அவளுக்குத் தாளம் போட்டாள்.
ரப்பர் செருப்பில் ஓசை எழாது.
தோளை ஒருமுறை அசைத்தாள்,
சேறு தாண்டுபவள்போல் பாவாடை நுனியை இருவிரலால் தூக்கினாள்,
பாதி திரும்பினாள், நின்றாள்.
இருபது நொடி இருக்குமா?
அதற்குள் தீய்ந்த வாசம் வந்துவிட்டது.
கணவாய் அடிப்பிடித்திருக்க வேண்டும்,
கையை ஏப்ரனில் துடைத்தபடி உள்ளே ஓடினாள்.

மிலாக்ரோஸ் என் கைகளைத் திருப்பிக் கொடுத்தாள்.
இப்போது தட்டு என்பதுபோல் மோவாயை ஆட்டினாள்.
தட்டினேன். ரெக்லாவுக்கா,
மூடிய சமையலறைக் கதவுக்கா தெரியவில்லை.

ஒன்பதாம் நாள் எஞ்சின் கிளம்பியது.
ஐந்தாவது சிலிண்டரில் லேசான இருமல்.
பதிவேட்டில் குறித்துவிட்டுப்
பேனாவால் மேசையில் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன்.
ரொடெல், மணிலாக்காரப் பையன், இளநிலை,
காதடைப்பானைக் கழற்றிவிட்டுக் கேட்டான்:
என்ன சார், பன்னிரண்டு வரைக்கும் போகிறீர்கள்,
நம்மிடம் எட்டுதானே.